சீட்டைத் தொடாதவருக்குத் தண்டனை

கலகம் வந்தாலும் குரல் உயர்த்தாமல் இந்தக் கடைத்தெருவைக் கட்டிக்காக்கும் வணிகர் சங்கத்தின் கண்ணியமிகு தலைவர் அவர்களே! கல்லாவில் உட்கார்ந்தே காலத்தின் போக்கைக் கண்டறிந்த மூத்தவர்களே! கணவன்மார் திறந்த கடைகளைக் கண்ணை மூடாமல் காத்துவரும் தாய்மார்களே! எப்போது முடிப்பான் என்று இப்போதே எண்ணத் தொடங்கிவிட்ட இளைஞர்களே! இரைச்சலோடு போராடி இந்த ஒலிபெருக்கியைப் பேசவைத்த நண்பரே! உங்கள் எல்லோருக்கும், களைத்துப்போன இந்த வழக்கறிஞனின் கனிவான வணக்கம்.

ஆண்டு தவறாமல் அழைக்கிறீர்கள். ஆண்டு தவறாமல் அதே தலைப்பைத் தருகிறீர்கள்: "நம் இடத்தில் யாரோ சூதாடினால் நம்மீது வழக்கு எதற்கு?" நானும் பேசுகிறேன். நீங்களும் கைதட்டுகிறீர்கள். அப்புறம் அதே கைகளைப் பிசைந்துகொண்டு உங்களில் ஒருவர் என் அறைக்கு வருகிறார். பேசிப் பேசித் தேய்ந்த நாக்கு என்னுடையது; கேட்டுக் கேட்டு மரத்த காது உங்களுடையது. இரண்டும் இன்றைக்கு மறுபடியும் சந்திக்கின்றன, அவ்வளவுதான்.

என்ன, பின்வரிசையில் ஏதோ குரல் வருகிறதே? "ஆடுறவனப் புடிங்க சார்! எடம் குடுத்தவன் என்ன பாவம் பண்ணான்?" என்கிறார் அண்ணன். கைதட்டலைப் பாருங்கள், எனக்குக்கூட இவ்வளவு விழவில்லை!

அண்ணே, சட்டம் உங்களைச் சீட்டு ஆடினாயா என்று கேட்கவில்லை. உன் கையில் இருக்கும் இடத்தில் இது நடப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்கிறது. தெரிந்தும் விட்டாயா என்று கேட்கிறது. சொந்தக் கட்டடமா, வாடகைக் கடையா என்பதெல்லாம் பிறகு. பூட்டு உன்னுடையதா? சாவி உன்னுடையதா? சரி என்று தலையாட்டியது நீயா? அப்படியானால் கூண்டும் உனக்குத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

சட்டம் சொன்னால் கொட்டாவி வருகிறது, தெரிகிறது. ஒரு தையல்காரரின் கதையைச் சொல்கிறேன். இது நான் நடத்தித் தோற்ற வழக்கு. அவருடைய மனைவியே, "மேடையில சொல்லுங்க சார், நாலு பேருக்காவது ஒறைக்கட்டும்" என்று சொன்னதால் சொல்கிறேன்.

வாடகைக்கு எடுத்த சின்னக் கடை. முன்பக்கம் இரண்டு தையல் இயந்திரங்கள். திரைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் துணி வெட்டுகிற பெரிய மேசை. அவர் வெட்டித் தைப்பார். மனைவி காஜா எடுத்துப் பட்டன் வைப்பார். சூதா? அந்த மனிதருக்கு ராஜா எது, ராணி எது என்றே தெரியாது. தெரிந்ததெல்லாம் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்பதுதான்.

ஆனால் அவருக்கு ஒரு மச்சான் இருந்தான். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் இருப்பான். மனைவியின் தம்பி. வேலை என்று ஒன்று இல்லை. ஆனால் நண்பர்களுக்குக் குறைவில்லை. ஒருநாள் வந்து கேட்டான். "மாமா, லீவு நாள்ல கடை சும்மாதான பூட்டிக் கெடக்கு? சாவியக் குடுங்க. நாலு பேரு உக்காந்து பேசிட்டுப் போறோம்."

தையல்காரர் தயங்கினார். மனைவி அடுக்களையிலிருந்து ஒரே வார்த்தை சொன்னார். "ஏங்க, அவன் என்ன கடையையா கேக்குறான்? சாவியத்தான கேக்குறான்."

தாட்சண்யம் தன நாசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சாவி கை மாறியது. பேச வந்தவர்கள் சீட்டைப் பிரித்தார்கள். பந்தயம் ஏறியது. அடுத்த விடுமுறையில் அளவு நாடாவை எடுக்கப் போனவர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? விரட்டினாரா? விளக்கை அணைத்தாரா? மச்சான் முகம் சுருங்குமே என்று திரையை இழுத்துவிட்டு வந்தார். அவர் ஆடவில்லை, அறிந்தார். அழைக்கவில்லை, அனுமதித்தார். அணா லாபம் பார்க்கவில்லை, ஆனாலும் அகப்பட்டார்!

அகப்பட்ட விதம் இருக்கிறதே, அதை ஒரு தையல்காரரால்தான் செய்ய முடியும். "மாமா, மேசையில சீட்டு வழுக்கி வழுக்கிக் கீழ விழுதே" என்று மச்சான் குறைப்பட்டிருக்கிறான். மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? மேசைக்குத் தடித்த பச்சைத் துணியில் ஒரு விரிப்பு தைத்துக் கொடுத்துவிட்டார். சுற்றிலும் வரப்பு மாதிரி கரை வேறு!

போலீஸ் வந்தது. மச்சான் கழுவுற மீனில் நழுவுற மீன். பின்கதவு வழியே போனவன் போனவன்தான். விரிப்பு மட்டும் நீதிமன்றத்துக்கு வந்தது. என் கட்சிக்காரர் கூண்டில் நின்று, "சாவி குடுத்தேனுங்க, உள்ள என்ன நடந்துச்சுன்னு சத்தியமா தெரியாதுங்க" என்றார். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். நானும் நம்பித்தான் வாதாடினேன். நீதிபதியும் பாதி நம்பினார்.

அரசு வழக்கறிஞர் கெட்டிக்காரர். விரிப்பை உதறிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "யாரோ கத்துக்குட்டி தைச்சது போல. இந்த மூலை பாருங்க, கோணிக்கிட்டு நிக்குது. இது நிச்சயமா உங்க கடைத் தையலா இருக்காது."

ஆம் என்றிருந்தால் தப்பியிருப்பார்! தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும்! என் கட்சிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எந்த மூலைங்க? எங்க கோணுது? இவ்வளவு தடிச்ச துணியில மூலை மடிச்சு நீங்க ஒண்ணு அடிச்சுப் பாருங்க, அப்பறம் பேசுங்க. என் தையல்ல கோணல்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல!"

நீதிபதி மெதுவாகக் கேட்டார்: "அப்போ, சீட்டாடுறதுக்குத்தான் தைச்சுக் குடுத்தீங்க?"

கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

சிறைக்குப் போனார். கட்டடக்காரர், "எனக்கு எதுக்குய்யா வம்பு" என்று கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரும் பயந்தவர்தானே, அவருக்கும் தெரியுமா என்று அடுத்து கேட்பார்கள் அல்லவா? இயந்திரங்களை வண்டியில் ஏற்றிய அன்று நான் போயிருந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. வழக்கில் தோற்றவனுக்கு அங்கே என்ன வேலை? அந்த அம்மா திரைத்துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சார், அன்னிக்கு சாவி தரமாட்டேன்னு சொல்லியிருந்தா, என் தம்பி எங்ககூட எவ்வளவு நாள் பேசாம இருந்திருப்பான்?"

"ஒரு மாசம் இருந்திருப்பானோ என்னவோம்மா."

"ஒரு மாசம்." மடித்த துணியை வண்டியில் வைத்தார். "அந்த ஒரு மாசத்துக்குப் பயந்துதான் சார் குடுத்தோம். இப்ப அவன் வந்து வாசல்ல நின்னு அழுவுறான். உசுரு இருக்கிற வரைக்கும் நான் அவங்கிட்ட பேசப்போறதில்ல."

என் அருமைப் பெருமக்களே! எனக்கு வயதாகிவிட்டது. வாதங்கள் வற்றிவிட்டன. உங்களிடம் சொல்ல மட்டும் ஒன்று மிச்சம் இருக்கிறது. உறவு வந்து கேட்டாலும், உயிர் நண்பன் வந்து கேட்டாலும், உங்கள் வாயிலிருந்து வரவேண்டியது ஒரே சொல்: "முடியாது." கோபிப்பானா? கோபிக்கட்டும்! ஏசுவானா? ஏசட்டும்! உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வராமல் போவானா? போகட்டும்! கோபித்தவன் ஒருநாள் திரும்பி வந்துவிடுவான், ஐயா. வந்து உங்கள் கடையிலேயே உட்கார்ந்து தேநீர் கேட்பான். அப்போது கொடுக்க உங்களுக்குக் கடை இருக்க வேண்டும். கொடுக்கும் மனமும் இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு என் நன்றி. அடுத்த ஆண்டு இதே தலைப்புக்கு என்னை அழைக்கவேண்டிய தேவை வராமலே போகட்டும் என்று வேண்டி விடைபெறுகிறேன். வணக்கம்.