ஐந்தாவது மணிக்கட்டு

டீ வேண்டாம் மேடம். மதியத்துக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

என்மேல் திருட்டுப் புகார் வந்திருக்கிறது என்று நேற்று ஸ்டேஷனிலிருந்து நீங்கள் போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் கைகால் விழுந்தவர்களின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறவன். சாவிக்கொத்து மேஜைமேல் கிடக்கும், பீரோ திறந்தே இருக்கும்; ஒரு குண்டூசியைக்கூட நான் தொட்டதில்லை. இதோ உங்கள் முன்னால் வரிசையாக வைத்திருக்கிறீர்களே ஐந்து கைக்கடிகாரங்கள், ஐந்தும் உடையவர்களே மனமுவந்து கொடுத்தவை. அதைக் காட்டத்தான் என் நோட்டுகளை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நோட்டு. என்றைக்குப் போனேன், என்ன செய்தேன், எந்தத் தசை எப்படி இருந்தது, எல்லாம் இருக்கும். கடிகாரம் கொடுத்த தேதியும் இருக்கும்.

நீங்கள் தேதியோடு நிற்காமல் மற்றதையும் படித்துவிட்டீர்கள். படிக்க வேண்டியதுதான், அது உங்கள் வேலை. இப்போது கேப்டனின் நோட்டில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குச் சரியாகப் புரியும்.

இந்த வகைக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. சாவியும் கொடுக்க வேண்டாம். உள்ளே அரைவட்டமாக ஒரு எடை இருக்கும். கை அசைய அசைய அது சுழலும், சுருள்வில் இறுகும், முள் ஓடும். கை அசையாவிட்டால் ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், பிறகு நின்றுவிடும். என் வரும்படியில் இப்படி ஒன்றை வாங்குவதைக் கனவிலும் நினைக்க முடியாது. ஆனால் நாள் முழுக்கக் கைகளோடு கிடக்கிறவனுக்கு இது பிடிக்காமல் போகுமா, நீங்களே சொல்லுங்கள்.

முதலாவது ஜட்ஜ் ஐயாவுடையது. ஓய்வுபெற்றவர், இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அந்தக் கை பிழைக்காது என்று முதல் வாரமே எனக்குத் தெரியும். அதில் யார் தப்பும் இல்லை. அந்தக் கையிலேயே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அது நின்றுபோயிருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்கலங்குவார். "கழட்டிக் குடுங்கய்யா, நான் போட்டுக்கிட்டு நடக்குறேன், ஓடிக்கிட்டே இருக்கும். வர்றப்பல்லாம் நீங்க பாத்துக்கலாம்" என்றேன். சத்தியமாக நல்லெண்ணம்தான். எட்டு மாதம் அப்படியே போட்டுக்கொண்டு போய் வந்தேன். கை வராது என்று பெரிய டாக்டரும் கையை விரித்த பிறகு, "உன் கையிலதான்ப்பா அது உசுரோட இருக்கு, நீயே வெச்சுக்க" என்று கொடுத்துவிட்டார். அவர் மகன்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

அடுத்தவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். அவருடையது கறுப்பு முகப்பு, அதில் நிலாவின் பிறையைக் காட்ட ஒரு குட்டி ஜன்னல். அதையும் அதே மாதிரி வாங்கிப் போட்டு ஓட வைத்தேன். அவருக்குக் கொடுத்த மாதிரி பயிற்சியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டு, விழுந்த கையாலேயே டம்ளரை எடுக்க வைத்து, அவர் என்னைத் திட்டி, நான் அவரைத் திட்டி, நாலே மாதத்தில் கை வந்துவிட்டது. வந்த கையை என் முன்னால் நீட்டி, "இப்ப கட்டி விடுங்க பாக்கலாம்" என்றார். நானே கழற்றினேன், நானே கட்டிவிட்டேன். ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்து அனுப்பினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தேன். வயிறு எரிந்தது மேடம். பிஸ்கட் என்னவோ நல்ல பிஸ்கட்தான்.

நான் எந்தத் திட்டமும் போடவில்லை, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கவனித்தேன். கை வந்தவர் திரும்ப வாங்கிக்கொள்கிறார், கை வராதவர் கொடுத்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு ஒரு கண் டாக்டர், ஒரு துணி மில் முதலாளி, ஹோட்டல் நடத்திவந்த ஒரு பெரியம்மா. மூன்று பேருக்கும் நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. கையைப் பிடித்து இதமாக நீவிவிடுவேன், மடக்குவேன், நீட்டுவேன். எல்லாம் நானே செய்வேன். அவர்களை முயற்சி செய்யச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். "எதுக்குச் சிரமப்படணும், இன்னொரு கைதான் இருக்கே, அதால செஞ்சுக்குங்க" என்பேன். பக்கவாதம் வந்த கைக்கு முதல் ஆறு மாதம்தான் உயிர்நாடி. அந்த ஆறு மாதத்தை ஆற அமரப் பேசியே கழித்துவிடலாம். கான்ட்ராக்டர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். இந்த மூன்று பேரும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. என்னைப் போல அன்பான ஆள் கிடைக்க மாட்டான் என்று அந்தப் பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார்கள். அதே வருஷங்களில் வெறும் மணிக்கட்டோடு இருந்த முப்பது பேரையாவது நான் எழுந்து நடக்க வைத்திருக்கிறேன். அவர்களையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

நாலு கடிகாரம் சேர்ந்தது. சுற்றிக்கொண்டே இருக்கும் மின்சாரப் பெட்டி விற்கிறார்கள், அதில் வைத்தால் நிற்காது. எனக்கு அது பிடிக்கவில்லை. நாளுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு போவேன், கட்டுகிற அன்றைக்கு அது ஓடும். வாரத்தில் வேலை நாள் ஐந்து, கடிகாரம் நாலு. வெள்ளிக்கிழமை மட்டும் வெறுங்கை. என் மனைவி கிண்டல் செய்வாள். "கூடத்துக் கடிகாரம் நின்னு மூணு மாசமாச்சு, அதுக்கு ஒரு பேட்டரி வாங்கிப் போட துப்பில்ல, இதுங்களுக்கு மட்டும் தினம் ஊர்வலம்" என்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை இதில் இழுக்காதீர்கள்.

அப்போதுதான் கேப்டன் வந்தார். சரக்குக் கப்பல் ஓட்டி ஓய்வுபெற்றவர். எஃகுப் பட்டை, அடர்நீல முகப்பு, முப்பத்தொரு வருஷம் கட்டித் தேய்ந்தது. இடது கை விழுந்திருந்தது, பேச்சுக்குக் குறையில்லை. இரண்டாவது வாரமே கடிகாரம் என் கைக்கு வந்துவிட்டது. போகும்போதெல்லாம் "ஓடுதா தம்பி?" என்று கேட்பார்.

அவர் மனைவிக்கு மூட்டுநோய். விரல்களெல்லாம் வீங்கிக் கோணியிருக்கும், சீப்பைப் பிடிக்க முடியாது. கேப்டன்தான் தினமும் காலையில் தலைவாரிப் பின்னிவிடுவாராம். "மொதநாள் கப்பல் கயிறு மாதிரி பின்னிட்டாரு தம்பி, ரெண்டு நாளு அவுக்கவே முடியல" என்று அம்மா சொல்லிச் சிரித்தார்கள். இடுப்புவரை முடி அவர்களுக்கு. கேப்டன் சிரிக்கவில்லை. "எனக்கு நடக்கக்கூட வேணாம் தம்பி. இவ பின்னலை நான் போடணும். ரெண்டு கை இல்லாம பின்ன முடியாது. அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க" என்றார்.

வழி பண்ணியிருக்கலாம். அந்தக் கை வரக்கூடிய கை. தொட்ட அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

இப்போது நீங்கள் விரல் வைத்திருக்கும் பக்கம். பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை. 'இடது கட்டைவிரல், தானே மடக்கினார், மூன்று முறை' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. பார்த்ததை எழுதாமல் இருக்க என்னால் முடியாது. படித்த படிப்பு அப்படி. அவர்களிடம் சொன்னது வேறு.

அம்மாதான் முதலில் பார்த்தார்கள். "தம்பி, விரல் அசைஞ்சுது, இப்ப நான் பாத்தேன்."

"அது நரம்பு தானா துடிக்கிறதும்மா. சார் அசைக்கல."

"இல்ல தம்பி, நான்தான் மடக்கினேன்" என்றார் கேப்டன். "நெனச்சேன், மடங்குச்சு."

"அப்படித்தான் தோணும் சார். ஆசை காட்டி மோசம் பண்ணிடும்."

"எறும்பூரக் கல்லும் தேயும்பாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா நானே செஞ்சு பாக்கட்டுமா?"

"தோள்பட்டை எறங்கிடும் சார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றேன். கையை நெஞ்சோடு சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டினேன். குளிக்கும்போது மட்டும் அவிழ்க்கச் சொன்னேன். அம்மாவுக்கு முடிச்சுப் போட வராது என்பதால், ஒட்டிக்கொள்ளும் பட்டையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

கட்டிப்போட்ட கை சும்மா இருக்காது, இறுகும். ஆறேழு மாதத்தில் முழங்கை மடங்கியபடி நின்றுவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. நகம் குத்திப் புண்ணாகாமல் இருக்க ஒரு துணிச்சுருளை நானே தைத்துக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். கேப்டன் என் தலையில் நல்ல கையை வைத்து, "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது" என்றார். 

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனபோது அம்மா முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார்கள். "காத்தாட இருக்கு தம்பி" என்று என்னிடம் சொன்னார்கள். கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது, அதை நான் சொல்லவும் செய்தேன். அன்றைக்குத்தான் கேப்டன் என் மணிக்கட்டைப் பார்த்து, "இனிமே அது எனக்கு எதுக்கு, நீங்களே வெச்சுக்குங்க தம்பி" என்றார். இரண்டு முறை வேண்டாம் என்றேன். மூன்றாவது முறையும் மறுத்தால் பெரியவர் மனது புண்படும்.

வெளியூரிலிருந்து வந்த மகள், அப்பாவின் கடிகாரத்தை என் கையில் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் ஓடிவந்திருக்கிறாள். தானே கொடுத்ததாகக் கேப்டனே உங்களிடம் சொல்லிவிட்டார். ஆகவே திருட்டு என்ற பேச்சே இல்லை. மற்றதைக் கேட்டால், ஆமாம். அந்தக் கை மூன்று மாதத்தில் வந்திருக்கும். வர விடாமல் செய்தது நான். முன்னால் மூன்று பேருக்கும் அப்படியே. மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

மகள் புதிதாக ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டை வைத்திருக்கிறாள், அந்தப் பெண் துணிப்பட்டையைக் கழற்றிவிட்டாள் என்று காலையில் சொன்னீர்கள். கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றாளாம். "அப்பவே சொன்னேனே, நான்தான் மடக்கினேன்னு" என்று கேப்டன் குழந்தை மாதிரி அழுதாராம். கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இறுகிப்போன முழங்கையை அனுபவமில்லாதவர்கள் அவசரப்பட்டு இழுத்தால் அவருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். உங்கள் விசாரணையெல்லாம் முடிந்ததும் வாரம் இரண்டு நாள் நானே வருகிறேன் என்று கேப்டனிடம் சொல்லுங்கள். பணம் ஒன்றும் வேண்டாம். அந்தக் கையைப் பற்றி என்னைவிட அக்கறையுள்ளவர்கள் அவருக்கு யார் இருக்கிறார்கள்?