பூட்டுக்குப் பொட்டு

மொறைக்காத நைனா, நான்தான் ஒயர புடுங்குனேன். எங்க கட கரண்ட்டு. என்னைக் கேக்காம கயித்த அவுத்து உள்ள பூந்து பிளக்க சொருகிக்குவ, நான் பாத்துகினு கம்முனு குந்திகினு இருக்கணுமா? ஆமா, கடைக்கு பூட்டு கெடையாது, கயிறுதான். கயிறுன்னா எவன் வோணா அவுக்கலாமா?

அப்டி நெழல்ல குந்து. மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்து, தாடிக்கு மாட்டிக்கவா குடுத்துகீறாங்க? பேரு இன்னா சொன்ன? லோகேஷா. வெல்டிங் பட்டற எங்க, தண்டலத்துலயா. சரி. கோயிலு நாளிக்கு காலைல தொறக்குது, கவர்மெண்ட்டு சொல்ட்ச்சி, அது எனுக்கும் தெரியும். கேட்டுல தொங்குற பூட்டுக்கு சாவி இல்ல, அதனால அறுக்க சொன்னாங்க. யாரு பூட்டுன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. அறநிலையத்துற ஆபீஸ்ல கேட்டா போலீஸ்காரங்க போட்டதுன்றாங்க. போலீஸ கேட்டா கோயில்ல போட்டதுன்றாங்க. குருக்கள கேட்டா, நான் உள்பக்கம் தாப்பாள போட்டுட்டு பின்வாசல்ல வந்து பூஜ பண்ணிட்டு போறவன், முன்னாடி நடக்கறது எனக்கெப்படி தெரியும்ன்றாரு. இவங்கல்லாம் சேந்துதான் நம்பள கொரோனாலேந்து காப்பாத்துறாங்க.

இன்னா பண்ற? செருப்ப இன்னாத்துக்கு கழட்ற? அடப்பாவி! பூட்ட அறுக்க வந்தவன் செருப்ப கழட்டிட்டு கிட்ட போறான் பாரு. உனுக்கும் புடிச்சிட்ச்சா பைத்தியம்? போடு, போடு செருப்ப. அது சாமி இல்ல, பூட்டு. நீ டெய்லி வெட்டிப் போடற இரும்பு. மஞ்சளும் குங்குமமும் அப்பி, பூவ சுத்தி, மஞ்சக்கயிறா கட்டி கட்டி சாவி போடற ஓட்டையே தெரியாம பண்ணி வெச்சிகீறானுங்க. அதுக்குன்னு நீயும் கன்னத்துல போட்டுக்குவியா?

எப்டி ஆரம்பிச்சிச்சின்னு கேளு. ஏப்ரல் கடசில கோயில மூட சொன்னாங்களா. சனம் வந்து வந்து கேட்டாண்ட நின்னுச்சி. வல்லக்கோட்டை மாதிரி பெரிய கோயிலா இன்னா இது, வெளிய நின்னா கோபுரமாவது தெரிய? சின்ன முருகன் கோயிலு, கேட்டுக்கு முழுசா தகரம் அடிச்சி கீது, உள்ள ஒண்ணும் தெரியாது. கும்புடறதுக்கு முன்னாடி இன்னா கீது? இந்த பூட்டுதான் கீது. மொத பொட்டு வெச்சது யாருன்ற? ஒரு பொண்ணு, கழுத்துல கம்பெனி கார்டு தொங்குது, போன்ல இங்கிலீஷ் பேசிகினே வருது, ஸ்கூட்டிய நிறுத்திட்டு பைலேந்து குங்குமத்த எடுத்து பூட்டுக்கு வெச்சிட்டு போய்கினே கீது. அவ்ளோதான். மறுநாளு ஒருத்தன் முழம் பூ. அப்பால கற்பூரம். ஒருத்தி கொழந்தைய கொண்டாந்து பூட்டு முன்னாடி காதுல பேரு சொல்றா. ஒருத்தன் தாலியே கட்டிட்டாம்பா! மாஸ்க் போட்ட பொண்ணுக்கு, பூட்ட சாட்சி வெச்சி!

ஊரே அடஞ்சி கெடக்க சொல்ல இந்த கம்பெனி பஸ்ஸு மட்டும் ஓடிகினு இருந்துச்சி. காரும் போனும் செய்யாங்காட்டி நாடே முழுகிடுமாம். ஷிஃப்டுக்கு போ சொல்ல டிரைவரு இங்க ஸ்லோ பண்ணுவான். ஒரு சீட்டு வுட்டு ஒரு சீட்டுல குந்தணும்னு ரூலு. பொண்ணுங்க எல்லாம் எழுந்து ஒரே பக்கமா ஓடியாந்து, ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து, ஜன்னல்ல கைய நீட்டி பூட்ட கும்புடும். இன்னாத்துக்கு? நோய் வரக்கூடாதுன்னு. சிரிக்காம இன்னா பண்ணுவ நீ?

பக்கத்து வூட்ல ஷெர்லினுன்னு ஒருத்தி. சர்ச்சும் மூடிட்டாங்கல்ல, போன்ல ஜெபம். ஸ்பீக்கர போட்டுட்டு காலைலேந்து அல்லேலூயா, என் காதே போச்சி. அவளே ஒரு நாளு வெளிச்சம் வர்றதுக்குள்ள வந்து பூட்ட தொட்டுட்டு போறா. நான் பாத்துட்டேன். இன்னாடி இது, உங்காளு கோச்சிக்க மாட்டாரான்னேன். சொம்மா, கெட்டியா கீதான்னு பாத்தேன்க்கான்றா. கெட்டியா கீதான்னு செக் பண்ண வந்தாளாம், இவ இன்னா சூப்பர்வைசரா? அவ அண்ணன் அப்ப பெங்களூர்ல ஐசியூல கெடந்தான், அதான் விசயம். அத்த சொல்றதுக்கு வெக்கம்.

போன வருசம் இதே சனந்தான தட்டு தட்டுச்சி, லைட்ட அணச்சிட்டு வெளக்கு ஏத்துச்சி? வேப்பெலய கட்டிச்சி, மஞ்சத் தண்ணிய தெளிச்சிச்சி, கஷாயத்த மொடா மொடாவா குடிச்சி வயித்த கெடுத்துகிச்சி. அப்பால எல்லாம் முடிஞ்சிட்ச்சின்னு கல்யாணம் இன்னா, மீட்டிங்கு இன்னா, கறி விருந்து இன்னா! திரும்பி வந்து அடிச்ச அடில தட்டு எங்க போச்சி, வெளக்கு எங்க போச்சி? மூச்சு மட்டும் கெடைச்சா போதும்னு ஆயிட்ச்சி. உன் பட்டறயில கூட ஆக்ஸிஜன் சிலிண்டரு இருந்திருக்குமே. குடுத்துட்டியா ஆஸ்பத்திரிக்கு? இன்னும் திரும்பி வர்லியா? அதான் கேஸ் கட்டிங் இல்லாம இந்த மிஷின தூக்கிகினு வந்துகீற. பரவால்ல, நல்லா இரு. எங்க வூட்டுக்காரு மூக்குல போனது உன் சிலிண்டரா கூட இருந்திருக்கும்.

ஆமா, அவருக்கும் வந்துச்சி. ஆஸ்பத்திரிக்குதான் போனாரு. என் நெத்திய இன்னா பாக்குற? வேர்வைல அழிஞ்சிட்ச்சி, வெயிலு எப்டி கீது பாத்தல்ல.

ரெண்டு பேருந்தான் இந்த அர்ச்சன தட்டு கடைய பாத்துகினோம். அவரு வாய தொறந்தா முருகா, மூடுனா முருகா. கிருத்திகைன்னா வல்லக்கோட்டைக்கு நடந்தே போவாரு, வெயிலு மழ எதுவும் பாக்க மாட்டாரு. நானு? நான் ஷேர் ஆட்டோல போய், அவருக்கு முன்னாடி சேவிச்சிட்டு டீ குடிச்சிகினு இருப்பேன். அப்டி ஒரு மனுசனுக்கு மூச்சு வாங்குது. ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச முடியல. நூத்தியெட்டுக்கு போன் பண்ணி, வருது வருதுன்னு சொல்லி, ஒரு வழியா வண்டி வந்துச்சி. ஏறுய்யான்னா ஏற மாட்றாரு. கடைய பூட்டணுமாம். மூடிகெடக்குற கட, உள்ள வாடுன பூவும் நாலு தேங்காயும், அத்த பூட்டிட்டுதான் வருவேன்னு கையில பூட்ட வெச்சிகினு நிக்கிறாரு. நான் பூட்டிக்கிறேன், நீ ஏறுன்னு புடுங்கிகினேன். ஏறுனாரு. உள்ள குந்திகினு கையெடுத்து கும்புட்டாரு, என்னைப் பாத்து இல்ல, இந்த கேட்ட பாத்து. என்னை ஏத்திக்க மாட்டன்னுட்டு கதவ சாத்திட்டானுங்க.

எனுக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். நேரா கேட்டாண்ட வந்தேன். ஏண்டா, நீ மட்டும் தகரத்த அடிச்சிகினு உள்ள பத்திரமா கீற, பொழுதன்னிக்கும் உன் பேர சொல்லிகினு கெடந்த மனுசன் மூச்சு இல்லாம போறாரு, எட்டிப் பாத்தியாடான்னேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். சரி, அப்ப நீ உள்ளயே கெட. சாவி அவரு இடுப்புல கீது. அவரு வந்து தொறந்தா நீ வெளிய வா, இல்லாங்காட்டி வராத. சொல்லிட்டு கையில இருந்த பூட்ட கேட்டுல மாட்டி ஒரு அமுக்கு. அமுக்குனா பூட்டிக்கற பூட்டு, சாவி வோணாம்.

இன்னா அப்டி முழிக்கிற? ஆமா, எங்க கட பூட்டுதான். கடைக்கு ஏன் கயிறுன்னு இப்ப புரியுதா? நான் சாமிய ஜெயில்ல போட்டு பூட்டுனேன், இவனுங்க அந்த பூட்டயே சாமி ஆக்கிட்டானுங்க. எதுத்தாப்புல குந்திகினு எல்லாத்தையும் பாத்துகினு இருந்தேன். எங்க வூட்டுக்காரு பண்ணது இன்னும் தமாசு. ஆஸ்பத்திரில ஒரு நர்ஸு பொண்ணு, அதுக்கு புண்ணியமா போவட்டும், ஒரு நாளு வீடியோ போட்டுச்சி. மூஞ்சில மாஸ்க்கு, அதுலேந்து குழா. பேச முடியல, கண்ண மட்டும் தொறந்து தொறந்து பாக்குறாரு. எனுக்கு இன்னா பேசறதுன்னு தெரியாம போன இந்த கேட்டுக்கு நேரா திருப்பி காட்டுனேன். கைய தூக்கி கும்புடுறாருப்பா, பூட்ட! டெய்லி ராத்திரி அவர் கையால பூட்டுன பூட்டு, மஞ்சள அப்பி வெச்சதுல அடையாளம் தெரியல மனுசனுக்கு. நான் சிரிச்சேன். அவரும் நான் சிரிக்கிறத பாத்து சிரிச்சாரு.

சாவியா? அதான் சொன்னேனே, அவரு அர்ணாக்கயித்துல. கட போட்ட நாள்லேந்து அங்கதான். குளிக்க சொல்ல கூட கழட்ட மாட்டாரு. நடந்தா கிளிங் கிளிங்னு சத்தம் வரும், ஆளு வர்றது எனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

இரு, பாண்டிச்செல்வி கதைய கேளு. திருநெல்வேலி பக்கத்து பொண்ணு. கம்பெனில லைன்ல வேல, பின்னாடி தெருவுல பத்து பொண்ணுங்களோட ஒரே வூட்ல கீது. அவ அப்பாவுக்கு ஊர்ல இதே நோயி, சீரியஸு. போலாம்னா பஸ்ஸு இல்ல, இ-பாஸும் கெடைக்கல. ஷிஃப்டு முடிஞ்சா நேரா பூட்டாண்ட வந்து நின்னுக்கும். ஒரு நாளு நான் கேட்டாண்ட போறேன், அது பூட்டுல நெத்திய வெச்சிகினு தேம்பி தேம்பி அழுதுகினு கீது. எக்கா, இன்னைக்கு ராத்திரி தாண்டிட்டா பொழச்சிக்கிடுவாருன்னு டாக்டர் சொல்லுதாருக்கா, நீங்களும் எங்கப்பாவுக்கு கும்பிடுங்கக்கான்னுது. எனுக்கு வந்த கோவத்துக்கு ஓங்கி ஒண்ணு வெச்சிருப்பேன். அப்டியே திரும்பி வந்துட்டேன்.

அவ அப்பாவா? பொழச்சிகினாரு. எழுந்து குந்தி இட்லி துன்றாராம். இவ எங்கேந்தோ அரளிய பறிச்சி, தானே மால கட்டியாந்து பூட்டுக்கு போட்டுட்டு, என் வாயில சக்கரய கொட்டுது. இது சக்தி உள்ள பூட்டுக்கா, ஒங்க கடைக்கு எதுத்தாப்புலயே இருக்கு, நீங்க குடுத்து வச்சவங்கக்கான்னுது. குடுத்து வெச்சவளாம், நானு. சக்கரய முழுங்கிட்டு ஆமா கண்ணுன்னேன்.

இன்னா, மிஷின மூட்ட கட்ற? அவரு வந்து அவரே தொறக்கட்டும்னா? ஆபீஸ்ல திட்டுனா வாங்கிக்கிறியா? அட, நல்ல புள்ளையா கீறியே நீ. இரு, போவாத. அன்னிக்கி நான் எதுக்கு கேட்டாண்ட போனேன்னு நீ கேக்கவே இல்லியே.

கழட்டத்தான் போனேன். கழட்டி ஏரில கடாசிடலாம்னு. அன்னிக்கி காலைல ஆஸ்பத்திரில ஒரு பிளாஸ்டிக் கவர குடுத்தாங்க. உள்ள அர்ணாக்கயிறு, அதுல சாவி. உசுரோட கீற ஆம்பளைக்கு அர்ணாக்கயித்த எவனும் அறுக்க மாட்டான். மூஞ்சி கூட காட்டல, பையில சுத்தி வெச்சி தூரத்துலேந்து இதான்னாங்க. நீ தண்டலத்துக்காரன், உனுக்கு தெரியாது, இந்த ஊருக்கே தெரியும். அந்த பொண்ணுக்குத்தான் யாரும் சொல்லல. நான் சாவிய கையில புடிச்சிகினு போறேன், இவ பூட்டுல நெத்திய வெச்சிகினு நிக்கிறா. எழுந்துருடி, இது எங்க கட பூட்டு, இதுக்கு சக்தியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, என் புருசனே போய்ட்டாருன்னா சொல்ல சொல்ற? என்னுது போய்ட்ச்சி. அதுங்களுது இன்னும் அதுல தொங்கிகினு இருந்துச்சி. இருந்துட்டு போவட்டும்னு வுட்டுட்டேன். லூசு சனங்க.

இந்தா சாவி. அறுக்காத. அறுத்து போட்டன்னா, நாளிக்கு அந்த பொண்ணு பாத்துட்டு அப்பாவுக்கு திரும்பவும் ஏதோ ஆவப்போவுதுன்னு ஊருக்கு போன் போட்டு அழும். மஞ்சக்கயித்த எல்லாம் மெதுவா ஒதுக்கு. ஓட்டையில ரெண்டு சொட்டு தேங்கா எண்ண வுட்டு, சாவி போட்டு தொற. அவனும் எத்தினி நாளு உள்ளயே கெடப்பான், வரட்டும் வெளிய. பூட்ட மட்டும் என்னாண்ட குடுத்துடு, நாளிலேந்து கட போடணும்ல.

எங்க அப்டியே போற? செருப்ப கழட்டிட்டு போ.