நெருங்காதே என்று எழுதியிருந்தேன்

சிவப்புப் பெயிண்ட் காய மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் எழுத்து வழிந்துவிடும். இந்தக் கோதண்டராமன் அவசரப்படுகிற ஆள் இல்லை, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் கடைப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு இந்தத் தங்கச் சுரங்கத்தில் வேலை கொடுத்தார்கள். பதினெட்டு வருஷமாக எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் என் கைதான். இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, கன்னடம் நாலும் எழுதுவேன். அபாயம் என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று பூச்சு கொடுப்பேன்.

அந்தப் பலகைகளை அடித்த ஆணியில் ஆட்கள் எதை மாட்டினார்கள் தெரியுமா? சோற்றை. கீழே வைத்தால் எலி விடாது. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜிலிருந்து இறங்கியதும் நேரே என் பலகைக்கு வந்து, டிபன் கேரியரையும் சட்டையையும் மாட்டிவிட்டுப் பாறை துளைக்கப் போவார்கள். ரசம் ஒழுகி எழுத்தின்மேல் கோடு விழும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவனும் கேட்டதில்லை.

டிரில்லர் ஜம்புலிங்கம் மெஷினைச் சரிபார்க்க எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக வருவான். பெரிய ஆணி அவனுக்குத்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

“கோச்சிக்காதீங்க பெயிண்டரே. எழுத்து எனக்கு இன்னாத்துக்கு? ஆணியக் கொஞ்சம் எறக்கி அடிங்க, கை எட்ட மாட்டேங்குது” என்றான்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மனுஷன். எனக்கு ஜுரம் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன். நான் எதையும் மறைக்கவில்லை, பாருங்கள்.

அவன் வேலை செய்த சுரங்க லெவலில் பழைய குழி ஒன்று உண்டு. மூடியிருந்த கட்டைகள் மட்கி, மேலே சேறு படிந்து, பார்க்கத் தரை மாதிரியே இருக்கும். குழிக்கு இந்தப் பக்கத்துக் கம்பத்தில் என் பலகை: ‘அபாயம். நெருங்காதே.’ 1967 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரோரமாக ஒட்டி நடந்துபோய் அதைக் குழிக்கு அந்தப் பக்கத்துக் கம்பத்தில் அடித்தேன். ஜம்புலிங்கம் கேட்டபடியே ஆணியை ஒரு சாண் இறக்கித்தான் அடித்தேன்.

திங்கட்கிழமை காலை அவன் விளக்கு வெளிச்சம் என் பலகையைத் தேடி வந்தது. குழிக்குள் டிபன் கேரியர் உருண்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. மற்றவர்கள் வந்து சேர ஏழெட்டு நிமிஷம் ஆகும். பலகையைப் பழைய கம்பத்துக்கு மாற்ற எனக்கு நாலு நிமிஷம் போதும்.

எச்சரிக்கை இருந்தும் தொழிலாளி அலட்சியம் செய்தார் என்று விசாரணையில் முடித்தார்கள். பலகை தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

அவன் பெண்சாதி அம்சவேணி என்னைத் தேடி வந்தாள்.

“அண்ணா, அந்தப் பலகையில இன்னா எழுதிக்கீது?”

படித்துச் சொன்னேன்.

“அவருக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாரா?”

“பொழச்சிருப்பாரும்மா.”

அது பொய் இல்லை, ஐயா. பலகை எந்தக் கம்பத்தில் இருந்தால் என்ன? நெருங்காதே என்றுதானே எழுதியிருந்தேன். நெருங்கியது யார்?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒருவனும் என் பலகையில் எதையும் மாட்டவில்லை. படிக்கத் தெரியாதவன்கூடப் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனான். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

போன வாரம் பம்ப் அறைப் பக்கத்துப் பலகையில் ஒரு துண்டு தொங்கியது. அங்கே வேலை பார்க்கும் தசரதனுடைய துண்டு. அந்தப் பக்கத்திலும் ஒரு பழைய குழி உண்டு. அதனால்தான் நேற்று நீங்கள் பிடித்தபோது என் கையில் அந்தப் பலகையும் சுத்தியலும் இருந்தன. ஜம்புலிங்கத்தைக் கொன்றவன் நான். நீங்கள் வராவிட்டால் தசரதனும் இன்று காலை போயிருப்பான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. அந்தப் பலகையை உங்கள் மேஜைமேல் போட்டு வைத்திருக்கிறீர்கள். டீ கிளாஸை அதன்மேலிருந்து எடுத்துவிடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களும் இதுவரை பார்க்கவில்லை.