பச்சை எருவில் கத்தரி நிற்காது

கத்தரி தனியாக நின்று பிழைக்கிற செடி இல்லை, ஐயா. இரண்டு கத்தரிக்கு ஒரு செண்டுமல்லி வேண்டும். வேரைத் தின்கிற நூற்புழு அதன் பக்கம் அண்டாது. ஓரத்தில் ஆமணக்கு வைத்தால் பாதிப் பூச்சி அங்கேயே தின்றுவிட்டு நின்றுவிடும். மூன்று வருஷம் ஒரு சொட்டு விஷம் படாத மண்ணுக்குத்தான் இயற்கைத் தோட்டம் என்று சான்றிதழ். சோதனைக்கு அதிகாரி வர இரண்டு நாள் இருந்தது.

பக்கத்து வீட்டில்தான் தம்பி. கல் உடைக்கிற வேலை, வாய் மட்டும் ஓயாது. "அண்ணிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல, கத்தரிக்காய்க்குப் பூ வெச்சிருக்கியே அண்ணே" என்பான். நானும் சிரிப்பேன்.

அன்று காலை முதுகில் தெளிப்பானோடு வரிசைக்குள் நின்றான்.

"என்னடா அடிக்கிற?"

"இலைக்கடியில பேன் மாதிரி அப்பிக் கெடக்கு. வர்ற ஆளு பார்த்தா சிரிப்பான். நீ போய் டீயக் குடி, நான் பார்த்துக்கறேன்."

"எதை அடிக்கிறன்னு கேட்டேன்."

"உன் மூக்க வாடகைக்கு விட்டிருக்கியா? வந்து மோந்து பாரு."

மண்வெட்டி கையில் இருந்தது. முதல் வெட்டு காதுக்குக் கீழே. அது கோபம், ஒப்புக்கொள்கிறேன். மற்ற நான்கும் வேலை. தெளிப்பானோடு மல்லாந்து, புரட்டிப் போட்ட ஆமை மாதிரி காலை உதறிக்கொண்டிருந்தான். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

வரிசையிலேயே ஆறடி நீளத்துக்குத் தோண்டினேன். அங்கிருந்த கத்தரிகளைப் பிடுங்கிவிட்டேன். மக்காத பச்சை எரு பட்டால் கத்தரி வேர் வெந்துபோகும். செண்டுமல்லி தாங்கும். அதனால் அந்த ஆறடிக்கும் செண்டுமல்லியே நெருக்கி நட்டேன். கத்தரி வரிசையில் ஏன் இந்த இடத்தில் மட்டும் கத்தரி இல்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயா நீங்கள் கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. சோதனைக்கு வந்த அதிகாரிக்கே தோன்றவில்லை. மண்ணை அள்ளிப் பார்த்தார், விஷம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் காயைத் தம்பி பெண்டாட்டிக்குத்தான் கொடுத்தேன். "காய் வெண்ணெயா இருக்கு மாமா. அவருதான் எங்க போனாருன்னே தெரியல, ஒரு போன் கூட இல்ல" என்று அழுதாள். இன்னும் நாலு காய் போட்டுக் கொடுத்தேன்.

அவள் இப்போது, வேப்பெண்ணெயும் சோப்பும் தானே கலக்கிக் கொடுத்ததாகச் சொல்கிறாளாம். பாவம், புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வராது. அவனைப் புதைத்த பிறகு நானும் தெளிப்பான் மூடியைத் திறந்து மோந்தேன். வேப்பெண்ணெய் மாதிரிதான் இருந்தது. ஆனால் நீங்களே சொல்லுங்கள் ஐயா, அதில் விஷம் இல்லை என்றால் நான் ஏன் அந்தத் தெளிப்பானை மூன்று தடவை கழுவியிருக்கப் போகிறேன்?