நடுங்காத துண்டு

— கிட்ட வாங்க சம்பந்தி. இன்னும் கிட்ட. கதவ ஒருக்களிச்சு வச்சாப் போதாது, நல்லா சாத்துங்க. உங்களுக்கு ஒரு கதை சொல்றேன்.

— உல்ஜான் அக்கா, விருந்தாளி நீங்க அடுப்படிக்குள்ள வரலாமா? உள்ள எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இந்தத் தட்டைக் கொண்டுபோய் வச்சுட்டேன்னா...

— தட்டு எங்கயும் ஓடிப்போகாது. கதையே தட்டைப் பத்தினதுதான். கத்தியக் கீழ வைங்க ரௌஷன்.

— வச்சிட்டேன்.

— எங்க பக்கம், சிர் ஆத்துக்கு அந்தாண்ட, ஒரு பொண்ணுக்கு நிச்சயம் பண்ணாங்க. இதே மாதிரிதான். ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் சீவி ஒரு தட்டுல வச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா பொண்ணோட அம்மாவுக்கு ஊட்டணும், இவ அவளுக்கு ஊட்டணும். ரெண்டு பேரும் முழுங்கிட்டா சம்பந்தம் கட்டியாச்சு. அப்புறம் யாரு வந்து தலைகீழா நின்னாலும் பிரிக்க முடியாது.

— நான் ஜியாக்ரபி டீச்சர்தான். ஆனாலும் இது தெரியாதவ இல்ல.

— சொல்றதக் கேளுங்க. அந்தப் பொண்ணோட அம்மா வாயத் தொறந்தா, வாங்கிக்கிட்டா, மென்னா, சிரிச்சா. முழுங்கல. கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு, டீத்தண்ணி கொதிக்குதுன்னு கையால சாடை காட்டிட்டு வெளிய போயி, வீட்டுக்குப் பின்னால துப்பிட்டா. அங்க ஒரு நாய். அக்தோஸ்னு பேரு, நெஞ்சு மட்டும் வெள்ள. லபக்குன்னு முழுங்கிடுச்சு.

— ஐயையோ.

— யாரு முழுங்கினாங்களோ அவங்கதான சம்பந்தி? கல்யாணத்தன்னைக்கு அந்த நாய் நாப்பது கிலோமீட்டர் நடந்து வந்து மாப்பிள்ளை வீட்டு வாசல்ல உக்காந்துக்கிச்சு. யாரு வெரட்டியும் போகல. எலும்பு போட்டா மோந்துகூடப் பாக்கல. கறி போட்டாத்தான் தின்னுச்சு.

— அப்புறம்?

— அப்புறத்த அப்புறம் சொல்றேன். ஜன்னல் பக்கமா ஓரத்துல ஒரு துண்டு வச்சிருக்கீங்களே, அது என்ன?

— வால்கொழுப்பு.

— தட்டை லேசாத் தட்டினா வால்கொழுப்பு நடுங்கும். பாருங்க. இது நடுங்குது. இதுவும் நடுங்குது. இது நடுங்கல. நீங்க நடுங்குறீங்க.

— சரியா வேகாம இருக்கும்.

— நாப்பது வருஷமா ஆடு வளக்கிறேன். இது எந்த ஆட்டோட வால், சொல்லுங்க.

— முள்ளங்கி.

— என்னது?

— முள்ளங்கி. கறிச்சாறுல மூணு மணி நேரம் வேகவச்சேன். கடிச்சா சத்தம் வராது.

— முள்ளங்கி வச்சு சம்பந்தம் பண்றீங்க.

— உங்களுக்கு இல்லக்கா. உங்களுக்கு நெசக் கொழுப்பு. எனக்கு மட்டும்தான் முள்ளங்கி.

— அதத்தான் நானும் சொல்றேன்! நான் முழுங்கி மாட்டிக்கணும். நீங்க முள்ளங்கியத் தின்னுட்டு, நாளைக்கு 'நாங்க எங்க வாக்குக் குடுத்தோம்'னு கேக்கலாம். என் பையன் ஆட்டுக்காரன் பையன், உங்க பொண்ணு சிம்கென்ட் டவுன்ல படிச்சவ. பிடிக்கலேன்னா நேராச் சொல்லியிருக்கலாம். நாலு காரு நெறைய ஆளக் கூட்டிக்கிட்டு வந்திருக்க மாட்டேன்.

— உங்க பையன் ஒராஸ எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் பொண்ணவிட நல்லாப் பாத்திரம் கழுவுறான்.

— அப்ப ஏன் முள்ளங்கி?

— சொல்ல முடியாது.

— சரி. தட்டைக் குடுங்க. உள்ள போயி நானே சொல்லிக்கிறேன், இது முள்ளங்கின்னு.

— என் வயித்த வெட்டிட்டாங்க.

— யாரு?

— டாக்டர். அல்மாட்டியில. நான்தான் வெட்டச் சொன்னேன். ஏழு மாசம் ஆச்சு.

— வெட்டி?

— அஞ்சுல நாலு பங்கை எடுத்துட்டாங்க. மிச்சம், சுருக்கமாச் சொன்னா, ஒரு வெள்ளரிக்கா அளவு.

— எடுத்தத என்ன பண்ணாங்க?

— கேக்கல.

— கேட்டிருக்கணும்.

— மயக்கத்துல இருந்தேன்.

— அப்ப நீங்க சாகலியா?

— யாரு சொன்னா சாகறேன்னு?

— எல்லாரும். மொதல்ல சொன்னது என் நாத்தனா ரிஸ்குல். 'போன வருஷம் அந்தம்மா கதவுல ஒருக்களிச்சு நொழைஞ்சா, இப்ப கழுத்து கோழிக்கழுத்தாட்டம் தொங்குது, இது அந்த நோயேதான்'னா. அதுக்குத்தான அறுவடை முடிஞ்சு வச்சிருந்த கல்யாணத்த இந்த மாசத்துக்கு இழுத்தோம்.

— நீங்க ஏன் இவ்வளவு அவசரப்படுறீங்கன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. நாங்க வேற மாதிரி நெனச்சோம்.

— எப்படி?

— என் பொண்ணு அக்மரால் முழுகாம இருக்காளோன்னு. ரெண்டு வாரமா அவ வயித்தையே பாத்துக்கிட்டிருக்கேன். அவ என் வயித்தப் பாத்துக்கிட்டிருக்கா.

— நீங்க கண்ணால பாக்கணும்னுதான் இழுத்தேன் ரௌஷன். பெத்தவ பொண்ணு கல்யாணத்தப் பாக்காமப் போயிடக்கூடாதுன்னு. நாலு வெள்ளாடு வித்து மண்டபத்த மாத்தினேன். இப்பப் பாத்தா வெள்ளரிக்கா.

— மன்னிச்சிடுங்கக்கா.

— எதுக்கு, சாகாததுக்கா? உக்காருங்க. எளைக்கிறதுக்கா இதெல்லாம்? கம்மியா சாப்பிட்டிருந்தாப் போதாதா?

— இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் யாருகிட்டயும் சொல்லல. இருபது வருஷம் கம்மியா சாப்பிட்டேன். முட்டைக்கோசு, கொதிக்கவச்ச கோதுமை, பட்டினி, எல்லாம் பாத்தாச்சு. பத்து கெலோ போகும், பதினஞ்சு வரும். சக்கரை வந்துச்சு. முட்டி போச்சு. எங்க பள்ளிக்கூடத்துல என் வகுப்பு மூணாவது மாடி. ஒவ்வொரு மாடியிலயும் மூச்சு வாங்கி நிப்பேன், சுவத்துல தொங்கற மேப்பைப் பாக்குற மாதிரி. பசங்களுக்கு எல்லாம் தெரியும். ரெண்டாவது மாடியில ஆப்பிரிக்கா. எனக்கு ஆப்பிரிக்கா மொத்தமும் மனப்பாடம்.

— இப்ப?

— இப்ப நிக்காம ஏறிடறேன். ஆப்பிரிக்காவப் பாத்து ஏழு மாசம் ஆச்சு.

— ரௌஷன்! நான் ஒண்ணும் கேக்கல, ஆனா தட்டு வருமா வராதா?

— கதவத் தொறக்காதீங்க தொலேகென்! அங்கிருந்தே பேசுங்க. என்ன ஆச்சு?

— ரிஸ்குல் அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க.

— என்ன கேக்குறாங்க?

— உன் எடை. புருஷனுக்குத் தெரியாமயா இருக்கும்னு கேக்குறாங்க.

— டீ ஊத்துங்க அவங்களுக்கு.

— ஊத்திட்டேன். கிண்ணம் நெறைய ஊத்தினேன்.

— நெறையவா? கொஞ்சமா ஊத்தணும்! நெறைய ஊத்தினா குடிச்சிட்டுக் கெளம்புன்னு அர்த்தம்!

— அதான் அப்படிப் பாத்தாங்களா. சரி, நான் ஒண்ணும் கேக்கல. அஞ்சு நிமிஷத்துல வா.

— போயிட்டாரா உங்க வீட்டுக்காரரு? அவருக்குத் தெரியுமா, வெள்ளரிக்கா?

— அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். நல்ல மனுஷன். இப்பவும் பழைய அளவுக்குத்தான் கட்டில்ல எடம் விட்டுட்டு ஓரமாப் படுக்கறாரு. காலையில எந்திரிச்சா ரெண்டு பேரும் ரெண்டு ஓரத்துல கெடக்கோம், நடுவுல பழைய ரௌஷன் படுத்திருக்கா.

— விரல்ல மோதிரத்தக் காணோமே?

— மாவு பிசையறப்ப கழண்டு உள்ள போயிடுச்சு. அவருதான் கடிச்சாரு. பல்லு போகல. இப்ப நூல்ல கட்டிக் கழுத்துல போட்டிருக்கேன். கையக் குடுங்க, தொட்டுப் பாருங்க.

— கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?

— எப்பவும் குளிருதுக்கா. முடி கொத்துக்கொத்தாக் கொட்டிச்சு, இப்பதான் நின்னிருக்கு. காலையில மாத்திரை, ராத்திரி மாத்திரை, சாகற வரைக்கும் உண்டு. ஒரு வேளைக்கு இந்தக் கிண்ணத்துல பாதி. ஒவ்வொரு வாயும் முப்பது தடவ மெல்லணும். சாப்பிடறப்ப டீ கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கூடாது.

— டீ கூடாதா? நம்ம ஊர்ல எப்படி உயிரோட இருக்க?

— கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டே இருப்பேன். ஆறிடும். யாராவது மாத்திக் குடுப்பாங்க. அதையும் வச்சுக்குவேன். எந்த வீட்டுக்குப் போனாலும், வாசல் தாண்டறதுக்குள்ள ரொட்டி பிட்டு வாயில வைக்கச் சொல்வாங்க. வாங்கிப் பையில போட்டுக்குவேன். எங்கிட்ட இருக்கிற எல்லாப் பையிலயும் ரொட்டித்தூள்தான்.

— பசிக்குமா?

— பசி போயிடுச்சு. ஆசை போகல. அது வயித்துல இருக்கும்னு நெனச்சேன். டாக்டர் தப்பான எடத்துல வெட்டிட்டாரு போலருக்கு. இன்னும் பழைய வயித்துக்குத்தான் சமைக்கிறேன். ரெண்டு பேருக்கு ரெண்டு கெலோ உருளக்கெழங்கு உரிச்சிட்டு, உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருப்பேன்.

— இந்தா, கண்ணத் தொடைச்சுக்க. என் கைக்குட்டை சுத்தமாத்தான் இருக்கு. ஏன் தாயி, ஒரே ஒரு துண்டுதான? கொழுப்ப அப்படியே முழுங்கிட்டு ஓடிப்போயிடக் கூடாதா?

— மூணாவது மாசம் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாத்தேன். நெஞ்சு குதிரையாட்டம் ஓடுச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, குளியலறைத் தரையில ஒரு மணி நேரம் கெடந்தேன். உள்ள அத்தனை பேரு நடுவுல அப்படி விழுந்தா, உங்க நாத்தனா என்ன சொல்வாங்க?

— 'நான் சொல்லல?'ம்பா. நோய் ரத்தத்துல வரும், பொண்ணுக்கும் இருக்கும்னு சொல்லி எல்லாரையும் கெளப்பிடுவா. எங்க வீட்டுல மூத்தவ அவதான். அவ எந்திரிச்சா என் புருஷனும் எந்திரிச்சாகணும்.

— முழுங்கலேன்னா?

— முழுங்கக்கூட முடியல பாருங்கம்பா. கெளம்பிடுவா.

— உண்மையச் சொல்லிட்டா?

— ஆண்டவன் குடுத்த வயித்தையே வெட்டிப் போட்டவ வீட்டுல பொண்ணு எடுக்கறதாம்பா. எப்படிப் பாத்தாலும் கெளம்பிடுவா. கெளம்பற நெனப்புலயே உள்ள வந்தா, செருப்பக் கழட்டவே இல்ல.

— அதான் முள்ளங்கி.

— சொல்றதக் கேளு. இந்த முள்ளங்கியில நீ ஒரு தப்புப் பண்ணியிருக்க.

— என்ன தப்பு?

— பளபளப்பு இல்ல. அந்தக் கொழுப்ப வெரல்ல தொட்டு மேல லேசாத் தடவு. லேசா. அவ்வளவு ஆகுமா உனக்கு?

— அவ்வளவு ஆகும்.

— ஈரல்?

— ஒரு நகத்தளவு.

— அப்ப இந்த ஓரத்துல கிள்ளி வை. மேல தயிரு ஊத்து. ஊட்டப்போறது நான்தான? என் கையப் பாரு, ஆட்டு மடி கறந்து கறந்து மம்பட்டி மாதிரி ஆயிடுச்சு. இதுக்குள்ள என்ன இருக்குன்னு ரிஸ்குல் என்ன, அவ கண்ணாடிக்கே தெரியாது. வாயப் பெருசாத் தொற. நான் மூஞ்சி பூராத் தயிரத் தடவி விடறேன், எல்லாரும் சிரிக்கட்டும். நீ பொறுமையா முப்பது தடவ மெல்லு. ருசிச்சு சாப்பிடறான்னு நெனைக்கட்டும்.

— தட்டை நீங்க எடுத்துட்டுப் போறீங்களா? என் கை நடுங்குது.

— நீயேதான் எடுத்துட்டு வரணும். அந்த நடுக்கத்துல முள்ளங்கியும் சேந்து நடுங்கட்டும்.

— அக்கா.

— என்ன? மறுபடியும் அழப்போறியா?

— இல்ல. நான் முழுங்கப்போறது முள்ளங்கிதான. அப்ப சம்பந்தம் கட்டாதே. என் பொண்ணு வாழ்க்கை. நீங்களே அந்த நாய்க் கதையச் சொன்னீங்க.

— அந்தப் பொண்ணோட அம்மா ஏன் முழுங்கல, தெரியுமா?

— சம்பந்தம் பிடிக்கல.

— நாப்பத்திநாலு வயசுல வயித்துல புள்ள. பொண்ணுக்கு நிச்சயம், அம்மாவுக்கு மசக்கை. கொழுப்பு வாசனை பட்டாலே கொமட்டும். வெளிய சொல்ல வெக்கம். ஆறு மாசம் வரைக்கும் யாருக்கும் தெரியாது, அக்தோஸத் தவிர. ஒடம்பு ஒண்ண வேணாம்னு சொல்லுது, அதுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை நேரம் அங்க வாயெல்லாம் சிரிச்சுட்டு இங்க அடுப்படியில கத்தியோட நின்னியே, அதே மாதிரிதான் அவளும் நின்னா.

— ரௌஷன்! நான் ஒண்ணும் கேக்கல, ரிஸ்குல் அம்மா கைப்பையத் தூக்கிட்டாங்க!

— வர்றோம் சம்பந்தி! தட்டு வருது! தூக்கு, தாயி. நேராப் பிடி.

— ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா, அப்பதான் கதவத் தொறப்பேன். அந்தப் பொண்ணு என்ன ஆனா? அந்தக் கல்யாணம் நெலச்சுதா?

— முப்பத்தெட்டு வருஷமா நாய் முழுங்கின சம்பந்தத்துலதான் நான் குடும்பம் நடத்துறேன், நாலு பசங்க, மூணாவது பையன் உள்ள உங்க சோபாவுல உக்காந்திருக்கான்; தட்டை ஒரு நிமிஷம் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் ஏந்து சம்பந்தி, வாழ்த்து சொல்றேன்: இந்த வீட்டுச் சாப்பாட்டு விரிப்பை யாரும் சுருட்டாம இருக்கட்டும், வயிறு சின்னதா இருந்தாலும் வாசல் பெருசா இருக்கட்டும், முழுங்க முடியாதது எதுவும் உங்க தட்டுக்கு வராமப் போகட்டும், வந்தா, வீட்டுக்குப் பின்னால எப்பவும் ஒரு நல்ல நாய் இருக்கட்டும்.