மணத்துக்கு என்ன விலை

ஹலோ… ஹலோ, யனுஷனோ? கிலோ எண்ணூறு பவுணாம், தம்பி. ஒரு மணத்துக்கு!

… ஓம், நான்தான். சண்முகராசா. ஜதுர்ஷிகாவின்ரை அப்பா. தோர்ண்டன் ஹீத் பலசரக்குக் கடையிலை இருந்து கதைக்கிறன்… இல்லை, இல்லை, திருமணம் இல்லை. அந்த மணத்துக்குப் பிறகு வாறன். இது மூக்காலை வாற மணம். நேற்று நீரும் அம்மாவும் சம்பந்தம் பேச வரேக்கை ஒரு சின்னப் பெட்டி தந்தீரெல்லோ, உள்ளுக்கை கரிக்கட்டி மாதிரி ஒண்டு…

ஓம், ஓம், ட்ரஃபிள். என்ரை மனுசி சுலோச்சனா அதைச் சொக்லேட் ட்ரஃபிள் எண்டு நினைச்சிட்டா. "சம்பந்தம் பேச வந்தவை ஒரேயொரு சொக்லேட்டோடை வந்திருக்கினம்" எண்டு எனக்குக் காதுக்குள்ளை சொன்னவ. சிரிக்காதையும். நீங்கள் போனாப் பிறகு நடந்ததைக் கேளும். விளக்கு வைக்கிற நேரம், வீடு முழுக்க காஸ் மணம். ஜன்னலெல்லாம் திறந்து போட்டு நாங்கள் ரோட்டிலை. காஸ்காரன் வந்து அடுப்பைப் பார்த்தான், பொயிலரைப் பார்த்தான், கடைசியிலை சாமித்தட்டிலை இருந்த உம்மடை பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தான். ரெண்டாந்தரமும் மணந்தான். பிறகு கேட்டான், "இதை விக்கிறியளோ?" எண்டு. அப்பத்தான் எனக்கு விளங்கினது, இதுக்கு ஒரு விலை இருக்கு.

… ஓம், விசாரிச்சனான்தான். மச்சான்ரை மகன் றொஷான் மேஃபேரிலை ஒரு பெரிய ரெஸ்ரோரன்ற்றிலை குசினி பாக்கிறவன். அவன்தான் விலை சொன்னவன். அதிலைதான் தம்பி எனக்குச் சந்தேகம். கிலோ எண்ணூறு பவுண் சாமானை ஆர் சும்மா தருவினம்? நானும் கடையிலை மஸ்கற் இனிப்பைச் சின்னத் துண்டு வெட்டிச் சும்மா குடுக்கிறனான். பிறகு அரைக் கிலோ வாங்காமல் ஆள் வெளியிலை போகாது. அது சாம்பிள். நீர் தந்தது எதுக்குச் சாம்பிள்?

… பரிசோ. சரி, பரிசெண்டே வைப்பம். எங்கை எடுத்தனீர்? … சறேயிலையோ? சறே மாவட்டம் பெரிசு தம்பி. எந்த மலை, எந்தக் காடு? … சொல்ல ஏலாதோ! … ஆக்கள் போய்க் கிண்டிப் போடுவினமோ. அப்ப என்னையும் அந்த ஆக்களோடை சேர்த்தாச்சு… என்ன? நான் கருவாடு எங்கை எடுக்கிறனான் எண்டோ? … அது… அது வேறை. அது வியாபாரம்… சரி, விடும். அந்தக் கேள்வியை ரெண்டு பேரும் விடுவம்.

… என்னண்டு கூப்பிட்டீர்? மாமாவோ? பொறும், பொறும். இப்போதைக்கு அங்கிள் எண்டே சொல்லும்.

ஜதுவுக்கு நான் போன் எடுத்ததைச் சொல்லாதையும். அவள் எனக்குத் தவணை வைச்சிருக்கிறாள். இண்டைக்குக் கடை பூட்டுறதுக்கிடையிலை நான் ஓமோ இல்லையோ சொல்லவேணும். ஓமெண்டால் விம்பிள்டன் கோயில், மண்டபம், மேளம். இல்லையெண்டால் கவுன்சில் கந்தோரிலை பதிவுக் கையெழுத்து வைச்சிட்டுப் போய்க்கொண்டே இருப்பாளாம். எனக்கும் ஒரு கார்ட் அனுப்புவாளாம். கார்ட்! பெத்த தேப்பனுக்கு! … உமக்குத் தெரியுமோ? … அவள் சொன்னால் செய்வாள் எண்டு எனக்கும் தெரியும் தம்பி. அதாலைதான் எடுத்தனான்.

உம்மடை வேலையை எனக்கு ஒருக்கால் ஒழுங்காச் சொல்லும். ஜது சொல்லுறாள், "அப்பா, அவர் மரத்துக்கும் காளானுக்கும் இடையிலை வேலை செய்யிறார்" எண்டு. இடையிலை நிண்டு வேலை செய்யிறவனுக்கு எங்கடை பாசையிலை புரோக்கர் எண்டு பேர்… ம்… ம்… ட்ரஃபிளும் ஒரு காளானோ. சரி… மரம் இலையிலை சீனி செய்யுது. வேருக்கு இறக்குது. காளான் வேரிலை ஒட்டிக்கொண்டு சீனியை எடுக்குது. அது கடன். திருப்பிக் குடுக்கிறது என்ன? … தண்ணி. பொஸ்பரஸ்… மயிரிலும் மெல்லிய நூலோ. வேர் நுழையேலாத இடுக்குக்குள்ளை நூல் போய் எடுத்துக்கொண்டு வருதோ… விளங்குது, விளங்குது. பண்டமாற்று. ஆர் விலை வைச்சது? … ஒருத்தரும் இல்லையோ! எழுத்து? … சாட்சி? … தம்பி, விலையும் இல்லை, எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லையெண்டால் அதிலை ஒருத்தன் மற்றவனைச் சுத்தி ஏமாத்துறான். ஆரெண்டு பார்த்தனீங்களோ?

… பார்த்தீரே! சில காளான் சுத்துமோ! நான் சொன்னனான்… ஓ. குறைச்சுத் தந்தால் மரமும் சீனியைக் குறைக்குமோ… நிச்சயமாத் தெரியாதோ, சில ஆராய்ச்சியிலைதான் கண்டதோ. சரி. அப்பிடியெண்டால் மரம் கெட்டிக்காரன். கடைச் சந்தியிலை வளர்ந்திருக்கும்.

இன்னொண்டு. றொஷான் சொன்னவன், உது இருக்கிற மரத்தைச் சுத்திப் புல்லு முளையாதாம், நெருப்பு வைச்ச மாதிரி வெறுமையாக் கிடக்குமாம். உண்மையோ? … உண்மைதானோ. மரத்துக்கு நல்லவன், புல்லுக்கு நமன்… இல்லை, நீர் மறைப்பீரெண்டு நினைச்சனான். அதுதான்.

பொறும், ஒரு நிமிசம்… ஓம் அக்கா, முருங்கைக்காய் அதே விலைதான்… போன கிழமை விலை போன கிழமையோடை போட்டுது… குறைக்க ஏலாது அக்கா, பிளேனிலை வந்த முருங்கைக்காய்… சரி, சரி, பத்துப் பென்ஸ் விடுறன், உங்கடை தங்கச்சிக்குச் சொல்லிப் போடாதையுங்கோ… ஆ, தம்பி. நிக்கிறீரோ?

இப்ப இதைச் சொல்லும். உது மண்ணுக்குக் கீழை கிடக்குது. காலில்லை, சிறகில்லை, காத்தும் உள்ளுக்குப் போகாது. ஒரு மரத்திலை இருந்து தூரத்து மரத்துக்கு எப்பிடிப் போறது? … மணமோ. முத்தினவுடனை மணத்தாலை கூப்பிடுதோ. ஆரை? … அணில், மான், வயலெலி… மோந்து பிடிச்சுக் கிண்டித் தின்னுதுகள். பிறகு? … தம்பி, நான் கையிலை வடையோடை நிக்கிறன். பரவாயில்லை, சொல்லும்… எச்சத்திலையோ. உள்ளை இருக்கிற வித்துத்தூள் வயித்திலை செமிக்காதோ… ஓகோ. அப்ப கள்ளன் வந்து தின்னுறான், தின்னு போட்டுத் தூரப் போய் வெளிக்கு இருக்கிறான், இருந்த இடத்திலை ஒரு இளம் வேர் கிடைச்சால் அங்கை கிளைக் கடை திறந்தாச்சு. வான் இல்லை, டிரைவர் இல்லை, பார்க்கிங் டிக்கெற் இல்லை. களவு போற சாமானே முதல்! இதைக் கண்டுபிடிச்சவன் ஆரோ, அவனட்டை எனக்கு ஒரு பங்கு வாங்கித் தாரும்.

… நான் ஏன் இப்பிடித் துருவுறன் எண்டு நினைப்பீர். சொல்லுறன். கொஞ்ச வருசத்துக்கு முந்தி எங்கடை ஆள் ஒருத்தர், கோட்டும் ரையும், ஹரோவிலை ஒரு கூட்டம் வைச்சவர். அகில் மரம். ஆளுக்கொரு மரம் வாங்குங்கோ, வாசனைக் கட்டை, பிறகு ஒண்டுக்குப் பத்தா வரும் எண்டார். நானும் மச்சான் தியாகராஜாவும் போட்டம். வருசா வருசம் பொங்கலுக்கு அவரவற்றை மரத்தின்ரை படம் போனுக்கு வரும். பச்சைப் பசேலெண்டு நிக்கும். ஒரு பொங்கலுக்கு ரெண்டு பேரும் போனைப் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பார்த்தம். ஒரே மரம். ஒரே கொப்பிலை ஒரே காகம்… ஓம், காகம்! விசாரிச்சால், கூட்டத்துக்கு வந்த அத்தினை பேருக்கும் அதே காகம்தான் போயிருக்கு. நேற்று நீர் எங்கடை ஹோலிலை இருந்து மரம், மண்ணுக்குக் கீழை பொருள் எண்டு கதைக்கேக்கை, எனக்கு உம்மடை தலைக்கு மேலை அந்தக் காகம்தான் தெரிஞ்சது.

… சரி, ஒண்டு கேக்கிறன். யோசிக்காமல் பதில் சொல்லும். விடிய எழும்பிச் சுலோச்சனா மணம் தாங்கேலாமல் உம்மடை ட்ரஃபிளைப் பின்வளவுக்குள்ளை எறிஞ்சு போட்டா… நான் ஓடினனான்! போறதுக்கிடையிலை அணில் தூக்கிக்கொண்டு வேலியிலை நிக்குது. ஆறுதலா, என்னைப் பார்த்துக்கொண்டு தின்னுது… சிரியும், சிரியும். இப்ப கேளும். பக்கத்து வீட்டிலை ஒரு ஹேசல் மரம் நிக்குது, உந்தக் காளான் ஒட்டுற சாதியாம். அணில் தின்னிட்டுது, எங்கையோ வெளிக்கு இருக்கும். அப்ப எத்தினை வருசத்திலை வருமானம்?

… என்ன, இல்லை? … இங்கத்தை மண் களிமண்ணோ. சுண்ணாம்பு மண் வேணுமோ. அதுக்கென்ன, வாங்கிக் கொட்டுறன்… அப்பவும் இல்லையோ. யாழ்ப்பாணம்? அங்கை எங்கை கிண்டினாலும் சுண்ணாம்புக் கல்லுத்தானே… சூடு கூடவோ. ம். சரி, நீர் மலையிலை நடுறதெண்டு ஜது சொன்ன மரக்கண்டு, வேரிலை காளானை ஒட்டி வளர்க்கிறது, அதைத் தாரும். நான் எங்கடை ஆக்களுக்கு வித்துத் தாறன். தோர்ண்டன் ஹீத்திலை அரைவாசிப் பேர் என்ரை கடைதான். கொமிசன் உமக்கு… வேண்டாமோ? … காளான் ஒட்டின கண்டெல்லாம் ட்ரஃபிள் தருமெண்டு சொல்ல ஏலாதோ. கன வருசம் காத்திருந்தும் ஒண்டும் வராமல் போகலாமோ…

தம்பி, உதை இப்பிடியே வெளியாக்களுக்கும் சொல்லுறனீரோ? … சொல்லுறனீர். கேட்டதுக்கெல்லாம் இல்லை, இல்லையெண்டு சொல்லி ஒருத்தன் பிழைக்கிறதை இப்பத்தான் காணுறன்… ஓம், நீர் வியாபாரி இல்லை. அது நல்லாத் தெரியுது.

பிறகேன் நடுறீர்? ட்ரஃபிள் வராட்டி என்ன பிரயோசனம்? … மரம் தப்பிறதுக்கோ… மழையில்லாத கோடையிலை நூல் ஒட்டின கண்டுதான் கூடத் தப்பினதோ… ஒரு நூல் ரெண்டு மூண்டு மரத்து வேரிலையும் ஒட்டியிருக்குமோ. ட்ரஃபிள் எங்களுக்குத்தான் பெரிசு, காட்டுக்கு அந்த நூல்தான் பெரிசு… ஓம். வடிவாத்தான் சொல்லுறீர். வடிவாச் சொன்னால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும், அது என்ரை வருத்தம்.

இப்ப பெரிய கேள்விக்கு வாறன். ஜதுவுக்கெண்டு ரெய்னர்ஸ் லேனிலை ஒரு பிளாட் வைச்சிருக்கிறன். நேற்று உம்மடை அம்மா எழும்பேக்கை சொன்னவ, "மகன் சீதனம் ஒண்டும் வேண்டாமெண்டிட்டான்" எண்டு. அதுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை… ஏனெண்டோ? வேண்டாமெண்டு சொல்லுற மாப்பிள்ளையிலை ஏதோ குறை இருக்கும். வெளிப்படையாக் கேக்கிறன். நோய் வருத்தம் ஏதும்? … கடன்? … வேறை ஆரும் பொம்பிளைப் பிள்ளை? … விசா? … இங்கைதான் பிறந்தனீரோ, சரி, மறந்து போனன். சம்பளம்? … மாதத்துக்கோ? … வருசத்துக்கோ! … அதுவும் மார்ச்சிலை கொன்ராக்ற் முடியுதோ! ஐயோ தம்பி, அப்ப அந்தப் பிளாட் உமக்குத்தானே முதல் வேணும்! அதை வேண்டாமெண்டுறீர், ஆர் நம்புவினம்? எதை மனதிலை வைச்சுக்கொண்டு…

… தம்பி. தம்பி, நில்லும்… இல்லை, நான் உம்மைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை… சொன்ன மாதிரித்தான் இருந்ததோ… போனை வையாதையும். தயவு செய்து வையாதையும். நீர் வைச்சால் அவள் எனக்குக் கார்ட் அனுப்புவாள்… ஹலோ? … ஆ, நிக்கிறீர். நல்லது. நான் கதைக்கேல்லை. நீர் கதையும்.

… ம்.

… ம்… பிளாட்டை வாங்கினால் நான் ஒவ்வொரு கிழமையும் வந்து மருமகன் எவ்வளவு பெறுமதி எண்டு கணக்குப் பார்ப்பனோ… பார்ப்பன்தான். அதிலை பொய் இல்லை… உம்மடை அப்பாவுக்கு அப்பிடி நடந்ததோ? … மாமனார் சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டினவரோ… எனக்குத் தெரியாது தம்பி. ஜது சொல்லேல்லை… சொல்ல வேண்டாமெண்டு நீர்தான் சொன்னனீரோ. ம்.

… அதுதான் காரணம். வேறை ஒண்டும் இல்லை… இல்லை, நம்புறன். நம்பி எனக்குப் பழக்கம் இல்லை, அதாலை குரல் இப்பிடி வருது.

சரி. என்ரை கடையிலை ஒரு வழக்கம். கடனை முழுசாக் கட்டி முடிச்ச ஆள் அடுத்த கிழமை வேறை கடைக்குப் போயிடும். கொஞ்சம் பாக்கி நிண்டால்தான் திரும்பி வரும். அதாலை நான் ஒருத்தரையும் முழுசாக் கட்ட விடுறேல்லை, ஒரு பவுணெண்டாலும் நிக்க விடுவன். உம்மடை மரமும் காளானும் அப்பிடித்தானோ? … அப்பிடி இல்லையோ. சரி, காட்டைப் பற்றி நீர் சொல்லும், கடையைப் பற்றி நான் சொல்லுறன்.

பொறும், கணக்குக் கொப்பியும் பேனையும் எடுக்கிறன். எனக்கு எழுதாமல் ஒண்டும் நிச்சயமாகாது… ஓம், எழுதுறன், ஒரு பக்கம் நாங்கள் குடுக்கிறது, மற்றப் பக்கம் நீங்கள் குடுக்கிறது. மண்டபம், நாங்கள்… பாதிப் பாதியோ? உந்தச் சம்பளத்திலையோ! … சரி, சரி, பாதி. சாப்பாடு நாங்கள். அதிலை கதை இல்லை, அரிசி பருப்பெல்லாம் கடையிலை கிடக்கு. கூறைச் சேலையும் தாலியும் நீங்கள். மேளம் நீங்கள்… இல்லை, மேளம் நாங்கள், உம்மடை ஆக்கள் மலிஞ்ச மேளம் பிடிப்பினம். பிளாட்… வெட்டுறன்… வெட்டியாச்சு. அது என்ரை பேரிலையே நிக்கட்டும்.

இனி ஜதுர்ஷிகா.

… தம்பி, பிள்ளையை எந்தப் பக்கம் எழுதுறது? குடுத்ததெண்டு எழுதினால் என்னட்டை இல்லாமல் போன மாதிரி. குடுக்கேல்லை எண்டு எழுதினால், பிறகேன் இந்த மேளமும் மண்டபமும்… ஓம், அவளையே கேக்கலாம்தான். கேட்டால், "நான் உங்கடை சாமானோ?" எண்டு கிழிப்பாள்… சிரியும். நாளைக்கு உமக்கும் இருக்கு.

கதவு திறக்குது… அவள்தான். கோட்டைக் கழட்டாமல் நேரை வாறாள், மறுமொழி கேக்க… ஓம், ஓமெண்டுதான் சொல்லப் போறன், பயப்பிடாதையும்… மற்றதெல்லாம் ரெண்டு பக்கமும் நேர். அவளின்ரை அந்த ஒரு வரி மட்டும் வெறுமையா, பாக்கியா நிக்குது. நான் கணக்கைக் கூட்டி முடிக்கேல்லை. வைக்கிறன்.