அசையாமல் நின்ற கோடு

எங்கள் ஆய்வகத்துக்குள் காலணியோடு யாரும் போவதில்லை, கம்பளிக் காலுறைதான். காரணம் கேட்டால் நீங்களும் ரசிப்பீர்கள்.

எங்கள் லேசர் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். ஒரு துடிப்புக்குள் ஒளியலை இரண்டு முறைதான் எழுந்து விழும், அவ்வளவு குறுகியது. துடிப்பின் உச்சத்தில் அலையின் முகடு நிற்கிறதா, பள்ளமா என்பதைப் பொறுத்து, அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிய்ந்துவரும் விதமே மாறிவிடும். ஆகவே எல்லாத் துடிப்பிலும் முகடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு கண்ணாடி மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தால் போதும், நழுவிவிடும். புடாபெஸ்டின் டிராம் ஒன்று தெருவில் போனாலும் நழுவும். காற்றோட்ட விசிறி சுழன்றாலும் நழுவும். அதனால் அளவெடுக்கும்போது விசிறியை நிறுத்துவது எங்கள் குழுவின் வழக்கம்.

அன்று உள்ளே போர்பாலா, எனக்குப் போரி. பதினோரு வருடம் என்னோடு வேலை செய்தவள். இரும்புக் கதவுக்கு வெளியே, முகடு நிற்கும் இடத்தை ஒரு கோடாகக் காட்டும் திரையின் முன் நான். பேச ஒரு ஒலிவாங்கி.

"விசிறிய நிறுத்திட்டேன், போரி. ஆடாம உட்காரு."

"மூச்சாவது விடலாமாடா வெண்டெல், இல்ல அதுக்கும் உன்கிட்ட மனு குடுக்கணுமா?"

"மெதுவா விடு."

"போடா. உன் டப்பாவுல இருக்கற பொகாச்சா ரொட்டி பூரா இன்னிக்கு எனக்குத்தான்."

லேசரின் படிகத்தைக் குளிர்விக்க அவள் திரவ நைட்ரஜன் ஊற்றினாள். அது ஆவியாகி, காற்றைத் தள்ளிவிட்டு அறையை நிரப்பும். மணம் கிடையாது. ஆக்ஸிஜன் குறைந்தால் அலற, சுவரில் ஒரு கருவி உண்டு. அலறல் கண்ணாடிகளை நடுங்கவைக்கும் என்பதால், முந்தைய வாரம் அதன் ஒலியை அடைத்து, என் மேசையில் ஒரு சிறு விளக்காக மாற்றியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

விளக்கு எரிந்தது. பார்த்தேன். அதுவரை எங்களுக்கு முகடு ஒன்பது நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. அப்போது பன்னிரண்டு ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் காற்று புகும்.

திரையில் கோடு ஒரு முறை துள்ளியது. எவ்வளவு எடை விழுந்தால் எவ்வளவு துள்ளும் என்று நாங்களே அளந்து வைத்திருக்கிறோம். அது ஓர் ஆளின் எடை. பிறகு அடங்கியது. அப்படியோர் அமைதியை அந்தக் கோட்டில் நான் கண்டதே இல்லை. உள்ளே ஓர் ஆள் உயிரோடு இருப்பதே அதை இத்தனை காலம் கலைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நாற்பத்தொரு நிமிடம். கோடு தானாக நழுவிய பிறகு கதவைத் திறந்தேன்.

கண்ணை மூடினால் அவள் முகம் வருவதில்லை. அந்தத் துள்ளல் மட்டும் வருகிறது, தினமும், அதே உயரத்தில்.

உங்கள் விசாரணை அறிக்கையில் விபத்து என்று எழுதாதீர்கள். அது சரியான அளவீடாகாது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த நாற்பத்தொரு நிமிடத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். வேறு யார் அவளுக்கு இவ்வளவு செய்திருப்பார்கள்?